கனம்

கத்திரி முடிந்துவிட்டதாம், நாள்காட்டியில்.
பெரம்பூர் வெயிலுக்கு
எழுத்து வாசிக்கத் தெரியாது.

நாளை மதியம் நெய்வேலியிலிருந்து ரோஸ்லின் வருகிறாள்,
கணவன், மாமியார், பல்லுக்குக் கம்பி போட்ட பையன் சகிதம்.
பாயசம் என்றால் அடுப்படியில் நிற்கவேண்டும்.
நின்றால் ஜவ்வரிசிக்கு முன்னால்
நான் வெந்து கண்ணாடியாகிவிடுவேன்.

சப்வே பக்கத்துத் தள்ளுவண்டியில்
நாவல் பழம் முக்கால் கிலோ.
டப்பாவில் அடைத்த மல்பெரி கொஞ்சம்,
விலையைச் சொல்லமாட்டேன்.
பேக்கரியில் நேற்றைய ரொட்டி இருக்கா என்றேன்.
"பழசா?" இருமுறை கேட்டான் பையன்.
புது ரொட்டி சாறு பட்டதும் கூழாகும்,
ஒரு நாள் காய்ந்ததுதான் தாங்கும்.
இதையெல்லாம் விளக்கவில்லை.
ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டான்.

நாவல் கொட்டையை லேசில் விடாது.
பிதுக்கிப் பிதுக்கி
நகக்கண்ணெல்லாம் ஊதா.
சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு,
தன் தண்ணீரிலேயே நாலு நிமிடம் தளதளவென்று.
துவர்ப்பு போகவில்லை.
போகவேண்டாம்.

மாவு கரைக்கும் எவர்சில்வர் குண்டானில்
ஓரம் வெட்டிய ரொட்டியை
ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்கினேன்.
நடுவே பழம், மேலே ரொட்டி,
ரொட்டிக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் கனம்.
பிறகு எட்டு மணி நேரக் குளிர்.
யார் வேண்டுமானாலும் செய்யலாம்,
கரண்ட் இருந்தால்.

ஒன்பதே காலுக்கு எங்கள் ஃபேஸ் போனது.
தெருவிளக்கு எரிகிறது.
எதிர்வீட்டில் சீரியல் அழுகிறது.
மாடியில், புஷ்கலா வீட்டு ஜன்னலில்,
ஃபேன் நிழல் சுற்றுகிறது.

புஷ்கலாவோடு மார்ச்சிலிருந்து பேச்சில்லை.
லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கிய அன்று
மோட்டாரை நாற்பது நிமிடம் ஓடவிட்டாள் என்று நான்.
பக்கத்தில் நின்று மணி பார்த்தேன் என்று அவள்.
இரண்டும் உண்மை.

பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
திரியலாமா என்று
பால் யோசித்துக்கொண்டிருந்தது.
குண்டானைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.
பதினெட்டுப் படி.
படிக்கொரு வாக்கியம் எடுத்து
படியிலேயே விட்டேன்.

கதவு திறந்தது. நைட்டிமேல் துண்டு.
என் கைகளைப் பார்த்தாள், மணிக்கட்டுவரை ஊதா.
"ஐயையோ, என்ன ஆச்சு?"
"நாவல் பழம்."
மூன்று மாதம் கழித்து
அவளிடம் நான் சொன்ன முதல் சொல்.

அவள் ஃபிரிட்ஜில் மல்லிப்பூ, இன்சுலின்,
தண்ணீர் பாட்டில் பதினொன்று.
நாலை வெளியே எடுத்தாள்.
ஒன்றைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.
"மேலே கனம் வைக்கணும்,
குழவியைக் கீழேயே விட்டுட்டேன்."
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
பால்கனிக்குப் போய் வந்தாள்.
கையில் போன வருடம் கழற்றிய
பழைய மோட்டாரின் இரும்பு மூடி, கவர் சுற்றி.
"கழுவிட்டேன்," என்றாள்.
"தண்ணி இருந்துச்சு."

மறுநாள் கவிழ்த்தபோது
குண்டான் கொஞ்சம் அடம்பிடித்தது.
அப்புறம் சேற்றிலிருந்து கால் உருவுகிற சத்தம்.
நின்றது. முழு ஊதா.
ஒரே ஓர் இடத்தில் மட்டும்
ஒரு ரூபாய் அகலத்துக்கு ரொட்டி வெள்ளை.
ரோஸ்லின் மாமியாருக்கு முதலில் தெரிந்தது அதுதான்:
"இங்க வேகலையா?"
பையன் மூன்று தடவை வாங்கினான்.
"துவர்க்குது ஆன்ட்டி," என்றான்
ஊதாக் கம்பி தெரிய,
நாலாவதற்குத் தட்டை நீட்டியபடி.

வெள்ளை விழுந்த துண்டை நான் எடுத்துக்கொண்டு
நல்லதாக ஒன்றை மாடிக்கு அனுப்பினேன்.
சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது,
கழுவாமல்,
உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம்.
ஒன்றின் கன்னத்தில் ஊதாக் கறை.

மோட்டார் மூடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை லாரி வருகிறது.